இ12 காற்று வடிகட்டி: ஓர் எரிவாயு மின்நிலையத்தில் பதினெட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மின்நிலையத்தின் திறனைக் கூட்டித் தருகிறோம், புகைபோக்கி வழியே போவதைக் குறைத்துத் தருகிறோம் என்று சொல்லிக்கொண்டு எங்கள் அலுவலகப் படியேறுபவர்கள் ஆண்டுக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஒருவர் பர்னரை மாற்றச் சொல்வார். இன்னொருவர் உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கச் சொல்வார். மூன்றாமவர் கட்டுப்பாட்டு மென்பொருளைப் புதுப்பிக்கச் சொல்வார். அவற்றுள் நாங்கள் பணம் கொடுத்து வாங்கியது பார்வைக்கு மிகச் சாதாரணமான ஒரு பொருள்: டர்பைனுக்குள் போகும் காற்றை வடிகட்டும் இ12 தர வடிகட்டி. இரண்டு கோடைகளையும் ஒரு வடகிழக்குப் பருவமழையையும் அது கண்டுவிட்டதால், இனி அதைப் பற்றி நிதானமாக எழுதலாம் என்று தோன்றுகிறது. விற்றவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்தத் தரத்தில் வடிகட்டி செய்பவர்கள் பலர் உள்ளனர். நான் சொல்லவிருக்கும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை எவருடையதை வாங்கினாலும் எதிர்ப்படக்கூடியவை.

எங்களுடையது கீழைக் கடற்கரை மாவட்டம் ஒன்றில் இருக்கும் சிறிய கூட்டுச் சுழற்சி நிலையம். 40 மெகாவாட் வகுப்பைச் சேர்ந்த எரிவாயு டர்பைன் ஒன்றும், அதன் புகையில் மிஞ்சும் வெப்பத்தைக் கொண்டு நீராவி எழுப்பி ஓடும் 20 மெகாவாட் நீராவி டர்பைன் ஒன்றும் உள்ளன. கோவில்களப்பால், குத்தாலம், வழுதூர் ஆகிய இடங்களில் இருக்கும் அரசு நிலையங்களும் இதே வகையைச் சேர்ந்தவைதான். அளவில் எங்களைவிடப் பெரியவை, சுவாசிப்பது ஏறத்தாழ இதே காற்று.

வடிகட்டிக்கு இவ்வளவு மரியாதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது சுவிட்சர்லாந்தின் நொயஷாத்தெல் நகரில் 1939இல் நிறுவப்பட்ட முதல் மின்நிலைய எரிவாயு டர்பைனின் கணக்கு. அந்த டர்பைன் 15,400 கிலோவாட் ஆற்றலை உண்டாக்கியது. அதில் 11,400 கிலோவாட்டை, உள்ளே வரும் காற்றை அழுத்தித் தரும் அதன் கம்ப்ரசரே விழுங்கிவிட்டது. ஊருக்குப் போனது எஞ்சிய 4,000 கிலோவாட் மட்டும். அதன் வெப்பத் திறன் 17.4 விழுக்காடு. இன்று ஜப்பானின் நிஷி நகோயா நிலையம் 63.08 விழுக்காட்டை எட்டி 2018இல் சாதனையாகப் பதிவாகியிருக்கிறது என்றாலும், டர்பைன் ஈட்டுவதில் பாதிக்கும் மேல் கம்ப்ரசருக்கே போகிறது என்ற அடிப்படை மட்டும் மாறவில்லை. ஈட்டியதில் பெரும்பகுதியைச் செலவழிக்கும் ஒரு உறுப்பு தன் வேலையில் இரண்டு விழுக்காடு சுணங்கினால், மிச்சமாகும் சிறு தொகையில் அது எவ்வளவு பெரிய ஓட்டையாகத் தெரியும் என்பதைச் சம்பளக்காரர் எவரும் உடனே புரிந்துகொள்வார்கள்.

கம்ப்ரசரைச் சுணங்க வைப்பது தூசி. எங்கள் இயந்திரம் நொடிக்கு ஏறத்தாழ 140 கிலோ காற்றை இழுக்கிறது. அதாவது நாளொன்றுக்கு ஒரு கோடி கன மீட்டருக்கும் மேல். பத்து மைக்ரானுக்குக் குறைந்த தூசிக்கு இந்தியத் தரம் ஆண்டுச் சராசரியாக அனுமதிப்பது கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம். நல்ல காற்று என்று சான்று பெற்ற அந்தக் காற்றையே இழுத்தாலும் நாளுக்கு அறுநூறு கிராமுக்கும் மேற்பட்ட தூசி வாசலில் வந்து நிற்கும். ஆண்டு முழுவதும் ஓடினால் இருநூறு கிலோவைத் தாண்டும். இதில் பெரிய துகள்கள் பிளேடுகளை அரிக்கும். ஆனால் அவற்றை எந்த வடிகட்டியும் பிடித்துவிடும். தொல்லை தருபவை இரண்டு மைக்ரானுக்கும் குறைவான பொடிகள். அறுவடைக் காலத்தில் வைக்கோல் எரியும் புகை, செங்கல் சூளைக் கரி, நெடுஞ்சாலை டீசல் புகை, எங்கள் குளிர்விப்புக் கோபுரத்திலிருந்தே பறந்து வரும் நீர்த்துளியின் உப்பு, இவையெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து கம்ப்ரசரின் முதல் சில வரிசைப் பிளேடுகளில் அப்பிக்கொள்கின்றன. பிளேடின் வழவழப்பும் வடிவமும் கெடுகின்றன. காற்றின் அளவு குறைகிறது. அழுத்த விகிதம் இறங்குகிறது. அதே மெகாவாட்டுக்குக் கூடுதல் எரிவாயு எரிகிறது.

எங்களிடம் முன்பு இருந்தது எஃப்8 தரம். அதை மோசம் என்று சொல்ல மாட்டேன். இப்படிப்பட்ட நிலையங்களில் பல காலமாக அதுவே வழக்கம். ஆனால் ஐரோப்பாவின் இ.என். 779 தரநிலையின் 2012ஆம் ஆண்டுப் பதிப்பைப் பிரித்துப் பார்த்தால், எஃப்8 என்று முத்திரை பெற 0.4 மைக்ரான் துகள்களில் குறைந்தபட்சம் 55 விழுக்காட்டைப் பிடித்தால் போதும் என்றிருக்கிறது. எஞ்சிய 45 விழுக்காடு உள்ளே போகலாம். இ.என். 1822 தரநிலையின்படி இ12 முத்திரை பெற வேண்டுமானால், எந்த அளவுத் துகள் மிக எளிதாக நழுவுகிறதோ அந்த அளவிலேயே 99.5 விழுக்காட்டைப் பிடித்தாக வேண்டும். அதாவது உள்ளே விடக்கூடியது அரை விழுக்காடு. சோதனை முறைகள் வேறு என்பதால் நேரடியாக ஒப்பிடுவது முழுச் சரியல்ல. இருந்தாலும் தொண்ணூறில் ஒரு பங்கு என்ற அளவு வேறுபாட்டைச் சோதனை முறையின் பெயரால் மறைத்துவிட முடியாது. டர்பைன்களுக்கென்றே டி1 முதல் டி13 வரை வகுக்கும் ஐ.எஸ்.ஓ. 29461 தரநிலை 2021இல் திருத்தி வெளியிடப்பட்டுள்ளது. புதிதாக வாங்குபவர்கள் விலைப்புள்ளியில் அந்த வகுப்பையும் கேட்டு வாங்குவது நல்லது.

அழுக்கேறிய கம்ப்ரசருக்குக் கைவசம் இருக்கும் மருந்து கழுவுவது. ஓடும்போதே பொடித் தூறலாகத் தண்ணீர் தெளிப்பது ஒரு முறை. அது முதல் வரிசைகளைக் கழுவிவிட்டு அழுக்கைப் பின்வரிசைகளுக்குத் தள்ளிவிடுவதும் உண்டு. உண்மையான குளியல் என்பது ஆஃப்லைன் வாஷ்தான். இயந்திரத்தை நிறுத்தி, உள்ளே சூடு தணியும் வரை காத்திருந்து, கிராங்க் வேகத்தில் மெதுவாகச் சுழற்றியபடி சலவைத் திரவம் கலந்த டி.எம். தண்ணீரை (தாதுக்கள் நீக்கிய தண்ணீரை) செலுத்தி, ஊற வைத்து, அலசி, உலர்த்தி, மீண்டும் ஓட்ட வேண்டும். குறைந்தது ஒரு நாள் மின்னுற்பத்தி போய்விடும். நாங்கள் ஆண்டுக்கு நான்கு முறை இதைச் செய்துகொண்டிருந்தோம்.

ஒவ்வொரு வாஷின்போதும் அடியிலுள்ள வடிகால் வால்வில் வரும் தண்ணீரைக் கண்ணாடிப் பாட்டில்களில் பிடித்து, கன்ட்ரோல் ரூம் ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைப்பது எங்கள் ஷிப்டுக்காரர் ஒருவரின் பழக்கம். முதல் பாட்டில் கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். அடியில் விரல் கனத்துக்குச் சேறு படியும். ஐந்தாவது, ஆறாவது பாட்டிலில் தேநீர் நிறமாகி, பத்தாவதில்தான் மறுபக்கம் இருக்கும் தென்னை தெரியும். தென்னை தெரியும் வரை அலசு என்பது எங்களுக்குள் ஒரு விதி. புதிய வடிகட்டி போட்டு ஓராண்டு கழித்துச் செய்த வாஷில் முதல் பாட்டிலிலேயே தென்னை மங்கலாகத் தெரிந்தது. இந்த மதிப்புரையில் நான் தரப்போகும் எண்கள் எல்லாவற்றையும்விட அந்தப் பாட்டில்தான் எங்கள் மேலாளரின் மனத்தை மாற்றியது.

ஆனால் அந்த இடத்துக்கு நேராக வந்து சேரவில்லை. பிப்ரவரி மாத ஷட்டவுனில் நூற்றுக்கும் மேற்பட்ட வடிகட்டிப் பெட்டிகளை மாற்றினோம். பழைய சட்டங்களிலேயே பொருந்தும், வேறு எந்த மாற்றமும் தேவையில்லை என்று விற்றவர்கள் உறுதி சொல்லியிருந்தார்கள்; பொருந்தவும் செய்தது. முதல் ஆறு வாரங்களில், பதினைந்து பாகை வெப்பநிலைக்குத் திருத்திக் கணக்கிட்ட மின்திறன் பழையபடியே சரியத் தொடங்கியபோது, அவர்களின் பதில் உங்கள் மீட்டரைச் சரிபாருங்கள் என்பதாக இருந்தது. மீட்டரைச் சரிபார்த்தோம். அதில் பிழை இல்லை.

அடுத்த முறை எரிவாயு வராமல் இயந்திரம் நின்ற ஒரு நண்பகலில் நானும் ஃபிட்டர் ஒருவரும் வடிகட்டி அறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டோம். சுத்தமான பக்கத்தில் நின்று, கண் இருட்டுக்குப் பழகும் வரை பேசாமல் காத்திருப்பது பழைய காலத்துச் சோதனை; கருவி எதுவும் வேண்டாம். ஐந்து நிமிடம் கழிந்ததும் அவர் மெதுவாக, “சார், அங்க ஒரு நட்சத்திரம் தெரியுது பாருங்க” என்றார். மூன்றாவது வரிசையின் மூலையில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு வெளிச்சம். தேடத் தேட இன்னும் நான்கைந்து கிடைத்தன. பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ரப்பர் கேஸ்கட் நான்கு துண்டுகளாக வெட்டி மூலைகளில் ஒட்டுப்போடப்பட்டிருந்தது. இறுக்கியபோது அந்த மூலைகள் விலகிக்கொண்டன. வெளிச்சம் வரும் வழியில் தூசி வராதா? பத்தில் ஒரு பெட்டியின் மூலை வழியாக வடிகட்டாத காற்று போனாலே இ12 என்ற முத்திரை வெறும் அட்டையில் அச்சிட்ட எழுத்தாகிவிடும். அதே நாளில், உள்ளே வெற்றிடம் மிகுந்தால் அறை நசுங்கிவிடாமல் காக்கும் பாதுகாப்புக் கதவின் கீலும் தளர்ந்து ஒரு கோடு வெளிச்சம் விடுவதைக் கண்டோம். அந்தக் குற்றம் எங்களுடையது. பழைய வடிகட்டிக் காலத்திலிருந்தே அது அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

கேஸ்கட்டை ஒரே வளையமாக வார்த்துக் கொடுத்த மாற்றுப் பெட்டிகளைப் பெறுவதற்குள் இரண்டு மாதமும் ஏராளமான மின்னஞ்சல்களும் செலவாயின. ஆகவே எங்கள் உண்மையான கணக்கு மே மாதத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாற்றியவுடன் இயந்திரத்தை ஒரு முறை ஆஃப்லைன் வாஷ் செய்து, சுத்தமான நிலையை அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். இதைச் செய்யாமல் புதிய வடிகட்டியை மதிப்பிட முற்படுபவர்கள் பழைய அழுக்கின் பழியைப் புதியதன் மேல் போடுவார்கள்.

எஃப்8 காலத்தில் ஒரு வாஷுக்கும் அடுத்த வாஷுக்கும் இடையிலான மூன்று மாதத்தில் டர்பைன் ஏறத்தாழ ஒன்றரை மெகாவாட்டை இழந்துவிடும். வாஷ் செய்தால் அதில் பெரும்பகுதி திரும்பி வரும். பிறகு மறுபடியும் சரியும். லாக் ஷீட்டை வரைபடமாக்கினால் ரம்பப் பல் போல இருக்கும். இப்போது அந்தக் கோடு ஏறத்தாழ படுத்த நிலையில் இருக்கிறது. கால் மெகாவாட் அளவுக்கு ஏற்ற இறக்கம் உண்டு. எங்கள் கருவிகளின் பிழை எல்லையே அதற்குச் சமம் என்பதால் அதை இழப்பு என்றோ ஆதாயம் என்றோ சொல்ல முடியாது. கம்ப்ரசர் வெளியழுத்தம் சரியாமல் நிற்பது அதைவிட நம்பகமான சான்று. நான்காக இருந்த ஆஃப்லைன் வாஷ் ஒன்றாகிவிட்டது; அந்த ஒன்றும், குழாய்க் கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கும் போரோஸ்கோப் சோதனைக்காக எப்படியும் நிறுத்தும் நாளில் சேர்த்துச் செய்ததுதான்.

இதற்குக் கொடுத்த விலையைப் பற்றியும் பேச வேண்டும். பெட்டிக்குப் பெட்டி கணக்கிட்டால் எஃப்8ஐப் போல இரண்டரை மடங்கு கொடுத்திருக்கிறோம். தவிர, நெருக்கமான ஊடகம் காற்றுக்குக் கூடுதல் தடையைத் தரும். எங்கள் பழைய வடிகட்டி புதிதாக இருக்கும்போது 25 மி.மீ. நீர்மட்ட அளவு டி.பி. (வடிகட்டியின் இரு பக்கங்களுக்கும் இடையிலான அழுத்த வேறுபாடு) காட்டும், இது 38 காட்டியது. உட்கொள்ளும் பக்கத்தில் 100 மி.மீ. நீர்மட்ட அளவுக்கு அழுத்தம் இழந்தால் மின்திறனில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடும், ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் செலவாகும் வெப்பமான ஹீட் ரேட்டில் அரை விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவும் போகும் என்பது இத்துறையில் நெடுங்காலமாகப் புழங்கும் கணக்கு. அதன்படி கூடுதலான 13 மி.மீ.க்கு நாங்கள் கொடுப்பது விழுக்காட்டில் ஐந்தில் ஒரு பங்கு. மூன்று மாதத்தில் நான்கு விழுக்காடு இழந்துகொண்டிருந்த இயந்திரத்துக்கு இது உறைக்காத வரி. ஆனால் விற்பவர்களில் சிலர் இந்த வரியே இல்லை என்பதுபோல் பேசுகிறார்கள். குறைந்த காற்றோட்டத்தில் அளந்த டி.பி.யை விளம்பரத் தாளில் அச்சிடுகிறார்கள். உங்கள் இயந்திரத்தின் உண்மையான காற்றோட்டத்தை எழுதிக் கொடுத்து, அந்த அளவில் எத்தனை மில்லிமீட்டர் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மழைக்காலம் தனிப் பாடம். உப்பு வறண்ட பொடியாக இருக்கும்வரை வடிகட்டியில் தங்கிக் கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது நீரை இழுத்துக் கரைந்து, உப்புக் கரைசலாக ஊடகத்துக்குள் கசிந்து, மறுபக்கம் போய் மறுபடியும் உலர்ந்து கம்ப்ரசருக்குள் பறந்துவிடும். கடலோர இரவுகளில் ஈரப்பதம் 75ஐத் தாண்டாத நாள்தான் அபூர்வம். பழைய தாள் ஊடகத்தில் இது நடந்துகொண்டே இருந்தது. வடிகட்டியின் சுத்தமான பக்கத்தில் விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தால் கரிக்கும். யாரும் அதைப் பின்பற்ற வேண்டாம், நான் ஒரு முறை செய்தேன். அந்த உப்பு கம்ப்ரசரோடு நிற்பதில்லை. கடல் உப்பில் இருக்கும் சோடியமும் சல்பேட்டும் எரியறையைத் தாண்டிச் சென்று, 884 பாகையில் உருகும் சோடியம் சல்பேட்டாகச் சூட்டுப் பகுதிப் பிளேடுகளின் மேல் படிந்து, அவற்றின் காப்புப் பூச்சைத் தின்னும். ஒரு தொகுதி பிளேடின் விலையோடு ஒப்பிட்டால் வடிகட்டி விலை சில்லறை.

நீரை ஒட்டவிடாத கண்ணாடி இழை ஊடகம் என்பதால் இ12 இந்தச் சோதனையில் தேறியது. வடிகட்டிப் பெட்டிகளின் அடியில் உப்பு நீர் சொட்டிக் காய்ந்த வெள்ளைக் கோடுகள் அழுக்குப் பக்கத்தில் இருந்தன. சுத்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் அதற்கு முன்னால் நிற்கும் முன்வடிகட்டியை விற்றவர்கள் பொருட்படுத்தவே இல்லை, நாங்களும் பழையதையே விட்டுவைத்தோம். நவம்பரில் இரண்டு நாள் விடாத தூறலும் மூடுபனியும் சேர்ந்தபோது முன்வடிகட்டி ஊறிப் பருத்து, நள்ளிரவுக்குப் பிறகு இரண்டு மணி நேரத்தில் டி.பி. 45இலிருந்து 90க்கு ஏறியது. எச்சரிக்கை மணி அடித்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் லோடைக் குறைத்திருக்க வேண்டும். நல்ல வேளையாக எங்கள் அமைப்பில் முன்வடிகட்டியை இயந்திரம் ஓடும்போதே வெளிப்பக்கமிருந்து கழற்றலாம். மழைச் சட்டை போட்டுக்கொண்டு நான்கு பேர் விடியும் வரை அதை மாற்றினார்கள். கழற்றிய ஒவ்வொன்றும் ஊறிய கோணிச் சாக்கு போலக் கனத்தது. அதன் பிறகு துளிகளைச் சேர்த்து வடியவிடும் ஒரு தடுப்பை முன்னால் வைத்தோம். மீதி மழைக்காலம் தொல்லையின்றிக் கழிந்தது. இ12 வாங்குபவர்கள் அதற்கு முன்னால் நிற்பதையும் சேர்த்தே வாங்க வேண்டும். தனியாக அது விலையுயர்ந்த முன்வடிகட்டியாகத்தான் வேலை செய்யும், சீக்கிரம் அடைத்தும் போகும்.

வெளியேற்றம் பற்றி விளம்பரத் தாள் சொன்னதற்கு வருகிறேன். எல்லா வகை வெளியேற்றத்தையும் குறைக்கிறது என்று அதில் பெரிய எழுத்தில் இருந்தது. இதில் பாதி உண்மை. இயற்கை எரிவாயுவில் ஒரு கிகாஜூல் வெப்பம் எடுத்தால் 56 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அதற்கு விலக்கு இல்லை. எங்கள் நிலையத்தின் ஹீட் ரேட் யூனிட்டுக்கு 1,800 கிலோ கலோரி அளவில் நிற்பதால், ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஏறத்தாழ 420 கிராம் போகிறது. டர்பைன் தனியாக ஓடியிருந்தால் அழுக்கினால் வரும் இழப்பு முழுவதும் எரிபொருள் கணக்கில் தெரியும். கூட்டுச் சுழற்சியில் புகையோடு போகும் வெப்பத்தில் ஒரு பங்கை நீராவிப் பக்கம் மீட்டுக்கொள்வதால் இழப்பும் ஆதாயமும் சற்று மழுங்கியே தெரிகின்றன. எங்கள் கணக்கில் ஆண்டுச் சராசரியாக ஹீட் ரேட்டில் கிடைத்தது முக்கால் விழுக்காடு. ஆண்டுக்கு 7,000 மணி நேரம் முழு லோடில் ஓடினால் அது 1,300 டன் கார்பன் டை ஆக்சைடுக்கும், ஏறத்தாழ 25,000 எம்.எம்.பி.டி.யு. (எரிவாயுவை விற்கப் பயன்படும் வெப்ப அலகு) எரிவாயுவுக்கும் சமம். உள்நாட்டு எரிவாயுவுக்கு 2023 ஏப்ரலில் மத்திய அரசு வைத்த உச்சவரம்பு ஓர் எம்.எம்.பி.டி.யு.வுக்கு 6.5 டாலர்; அந்த விலையில் பெருக்கிப் பார்த்தாலே வடிகட்டிக்குக் கூடுதலாகக் கொடுத்தது ஓராண்டுக்குள் திரும்பிவிடுகிறது. இறக்குமதி எரிவாயு எரிப்பவர்களுக்கு இன்னும் விரைவில் திரும்பும். இதில் ரத்தான மூன்று ஷட்டவுன்களின் மின்னுற்பத்தியைச் சேர்க்கவில்லை. மெதுவாக லோடு ஏறும் அந்தத் தொடக்க மணிகளில் எரிதல் சீராக இராமல் கார்பன் மோனாக்சைடும் கூடுதலாகப் போகும். அவையும் ஆண்டுக்கு மூன்று முறை குறைந்திருக்கின்றன.

பொய்யான மறுபாதி நைட்ரஜன் ஆக்சைடுகள் பற்றியது. நாக்ஸ் என்று நாங்கள் சுருக்கிச் சொல்லும் அந்த வாயு, சுடரின் வெப்பம் ஏறத்தாழ 1,500 பாகையைத் தாண்டியதும் காற்றின் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து மளமளவென்று உண்டாவது. உள்ளே வரும் காற்றில் தூசி இருப்பதற்கும் இல்லாததற்கும் அதில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. வடிகட்டி மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எங்கள் புகைபோக்கி அளவீட்டில் நாக்ஸ் அப்படியே இருந்தது. அதைக் குறைக்க வேண்டுமானால் சுடரின் சூட்டைத்தான் குறைக்க வேண்டும். தண்ணீரோ நீராவியோ செலுத்துவது பழைய வழி. மின்திறன் சற்றுக் கூடும், எரிபொருளும் கூடும், டி.எம். தண்ணீர்ச் செலவும் கூடும். எரிவாயுவையும் காற்றையும் முன்கூட்டியே கலந்து மெலிந்த சுடராக எரிக்கும் டி.எல்.என். பர்னர் புதிய வழி. புகையில் 25 பிபிஎம் (பத்து லட்சத்தில் 25 பங்கு) அளவுக்கும், நல்ல இயந்திரங்களில் 9 பிபிஎம் வரைக்கும் இறங்கும். 400 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள நிலையங்களுக்கு 50 பிபிஎம், 100 முதல் 400 மெகாவாட் வரையானவற்றுக்கு 75 பிபிஎம் என்பது 1999இல் இந்தியாவில் வகுக்கப்பட்ட எல்லை. அந்த எல்லையை மீறி நோட்டீஸ் வாங்கிய நிலையம் எதுவும் வடிகட்டியை மாற்றித் தப்பிக்க முடியாது.

காற்றைக் குளிர்விப்பவர்களையும் ஒரு வரியில் தள்ளிவிட மனமில்லை. உள்ளே வரும் காற்று ஒரு பாகை சூடானால் மின்திறனில் அரை முதல் முக்கால் விழுக்காட்டுக்கும் மேல் போகும் என்பது உண்மை. எங்கள் மே மாத நண்பகல்களில் பெயர்ப்பலகையில் இருக்கும் மெகாவாட்டைக் கண்ணால் காண முடியாது. ஆனால் பொடித்தூறல் முறையால் காற்றை ஈரக்குமிழ் வெப்பநிலைக்கு, அதாவது நீர் ஆவியாவதால் மட்டும் காற்று குளிரக்கூடிய எல்லைக்கு, கீழே இறக்க முடியாது. ராஜஸ்தானில் பதினைந்து பாகை இறக்கும் அதே கருவி எங்கள் கடற்காற்றில் ஏழெட்டுப் பாகையோடு நின்றுவிடும். விற்க வந்தவர் காட்டிய வரைபடம் எந்த ஊருடையது என்று கேட்டதற்கு அவர் தேநீரைக் குடித்து முடிக்கும் வரை பதில் சொல்லவில்லை.

இ12ஐ யாருக்குப் பரிந்துரைப்பேன் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆண்டுக்கு ஐந்தாறாயிரம் மணி நேரமாவது ஓடும், கடலோரத்திலோ தொழிற்சாலைப் புகை நடுவிலோ இருக்கும் நிலையங்கள் பர்னரையும் மென்பொருளையும் தொடுவதற்கு முன் இதை மாற்ற வேண்டும். இந்தியாவில் 20,000 மெகாவாட்டுக்கும் மேற்பட்ட எரிவாயு நிலையங்கள் இருந்தும் எரிவாயு கிடைக்காமல் பெரும்பகுதி முடங்கிக் கிடக்கும் நிலையில், கிடைக்கும் எரிவாயுவிலிருந்து கூடுதலாக ஒரு யூனிட் எடுப்பது வேறு எந்த வழியிலும் இவ்வளவு மலிவாக வராது. மாறாக, உச்சநேரத்துக்கு மட்டும் சில நூறு மணி நேரம் ஓடும் நிலையத்துக்கு இது தேவையில்லை. அங்கே நல்ல எஃப்9 தரமும் ஆண்டுக்கொரு வாஷும் போதும். வடிகட்டி அறை துருப்பிடித்து வெளிச்சம் விடும் நிலையங்களுக்கும் இப்போதைக்கு வேண்டாம். முதலில் வெல்டரை அழையுங்கள்.

பதினெட்டு மாதம் கழிந்த இந்த ஆகஸ்டில் டி.பி. 58இல் நிற்கிறது. இருபத்து நான்கு மாதம் என்று விற்றவர்கள் சொன்ன ஆயுளை அது எட்டிவிடும் போலத்தான் தெரிகிறது, வரும் மழைக்காலம் கருணை காட்டினால். அடுத்த தொகுதிக்கான ஒப்பந்தப்புள்ளியில் மூன்று வரிகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறோம்: கேஸ்கட் ஒட்டுப்போடாத ஒரே வளையமாக இருக்க வேண்டும், எங்கள் காற்றோட்டத்தில் டி.பி. 40ஐத் தாண்டக் கூடாது. பொருத்தி முடித்த பிறகு விற்றவரின் பொறியாளர் எங்கள் ஃபிட்டரோடு உள்ளே நின்று, கதவைச் சாத்தி, ஒரு நட்சத்திரமும் தெரியவில்லை என்று கையெழுத்திட வேண்டும். முதல் இரண்டையும் விலைப்புள்ளி தந்த நால்வரும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதற்கு ஒருவர் மட்டும் கூடுதல் கட்டணம் கேட்டிருக்கிறார்.